மழை எச்சரிக்கையோடு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும்: நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்கள்தான். அபாயப் பகுதிகளின் பட்டியல், மணல் மூட்டை, ஜேசிபி, மரம் அறுக்கும் இயந்திரம், முகாம் நடத்தும் பள்ளிகள் என்று ஆண்டுதோறும் போடும் கணக்கைத் தங்கள் அலுவலகம் இந்நேரம் தொடங்கியிருக்கும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் தாங்கள் அந்தக் கணக்கில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறோம். மண்சரிவிலோ யானையிடமோ தப்பிப் பிழைத்து, பிறகு குடியில் விழுந்து, அதிலிருந்தும் எழுந்து வந்தவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பழைய ஏக்கம் எந்த வாரத்தில் திரும்பும் என்பதை ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொல்ல முடிகிற ஆபத்துக்கு ஏற்பாடு செய்யாமல் இருப்பதுதான் எங்கள் மனக்குறை.

நாங்கள் மனநலச் செவிலியர்கள், குடிநோய் ஆலோசகர்கள், களப்பணியாளர்கள். எங்கள் கதையைச் சொல்ல வரவில்லை. வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறோம்.

மண் சரிந்த இரவில் கேட்ட தகரச் சத்தம், ஈரமண் வாடை, மின்சாரம் போன இருட்டு, மரம் முறியும் ஓசை எல்லாம் பயத்தோடு சேர்ந்து மூளையில் ஒரு முடிச்சாகிவிடுகின்றன. பிறகு தூக்கம் வராத இரவுகளில் அவர் குடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது. பயம் வந்தால் சரக்கு, சரக்கு உள்ளே போனால் நிம்மதி என்று இரண்டாவது முடிச்சும் விழுகிறது. இது பலமுறை நடந்தபின் நடுவில் இருந்த பயம் அவர் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். தகரத்தில் மழை விழுந்ததும் நேராகக் குடிக்கான ஏக்கம் எழும். கேட்டால், "பயமா, எனக்கா? சும்மா குளிருக்கு ஒரு கட்டிங்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை; அவருக்குத் தெரிவது அவ்வளவுதான். (குளிருக்கு என்பதும் தப்புக் கணக்கு. மது தோலின் ரத்தக்குழாய்களை விரிப்பதால் சூடு ஏறுவது போலத் தோன்றும். உண்மையில் உடம்புச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். உறைபனி இரவில் குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடப்பவருக்கு அதனால்தான் அவ்வளவு ஆபத்து.)

இதை ஆய்வகத்திலேயே சோதித்திருக்கிறார்கள். பேரதிர்ச்சியின் பாதிப்பும் குடிப்பழக்கமும் சேர்ந்து உள்ளவர்களிடம், அவர்களுக்கு நேர்ந்ததையே ஒரு சிறு குறிப்பாக எழுதி வாசித்துக் காட்டினார்கள். மதுவின் வாடையோ பாட்டிலோ கண்முன் இல்லாதபோதும் ஏக்கம் ஏறியது. கடை வாசலில் மட்டும் காவல் நின்றால் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். குடிக்கச் சொல்லும் மணி கடைக்கு வெளியேயும் அடிக்கிறது.

நீலகிரிக்கு மழைக்காலம் இரண்டு. அதனால் இந்த மணி அடிக்கும் காலமும் இரண்டு. தென்மேற்குப் பருவமழை குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கத்தைப் பிடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியது. 2024 ஜூலை 30 அதிகாலையில் எல்லைக்கு அப்பால் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனபோது, பந்தலூர்க்காரர்களுக்கு அது அடுத்த வீட்டு இழவு. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மண்சரிவு. 2009 நவம்பரில் மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான சரிவுகள், 40க்கும் மேற்பட்ட உயிர்கள். ஆகவே ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை மேற்குப் பக்கமும், அக்டோபர் கடைசி முதல் நவம்பர் கடைசி வரை கிழக்குப் பக்கமும் கூடுதல் கவனம் தேவைப்படும் வாரங்கள். இந்த இரண்டு வரிகளை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் ஒட்டுவதற்குச் செலவே கிடையாது.

மழை மட்டுமே மணி அடிப்பதில்லை. கூடலூரில் யானையிடம் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கு, இரவில் மூங்கில் முறியும் சத்தமும் யானையை விரட்டப் போடும் வெடியும் போதும். 1964 ஒப்பந்தத்தின் பேரிலும் பிறகும் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில், அங்கே 1983 ஜூலைக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீபாவளி வெடியும், கடை ஷட்டரைச் சடாரென்று இழுத்து மூடும் ஓசையும் அவர்களில் சிலருக்கு வேறு பொருள். 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது கம்பளியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் ஊர்மக்கள்தான். வெலிங்டன் பக்கம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும்போது அவர்களுக்குள் என்ன எழுகிறது என்று யாராவது ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

இதில் அரசே அடிக்கும் மணிகளும் உண்டு. 2023இல் கைப்பேசிகளில் சோதனை எச்சரிக்கை அலறியது நினைவிருக்கும். அந்த மாதிரிச் சோதனையும், ரத்தச் சாயம் பூசி நடத்தும் மீட்பு ஒத்திகையும் தேவைதான், ஒழிக்கச் சொல்லவில்லை. முந்தைய நாளே நேரத்தைச் சொல்லி ஊரில் மைக் கட்டி அறிவித்துவிட்டால் போதும். எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராத சத்தத்தைப் போல ஆளைத் தூக்கிவாரிப் போடாது. ஒத்திகையைத் துயரம் நடந்த அதே நவம்பர் வாரத்தில் வைப்பதை மட்டும் தவிர்க்கலாம்.

இனி முகாம். சொல்ல வேண்டியது இங்கேதான் அதிகம்.

சாலை துண்டிக்கப்பட்டு, கடையும் எட்டாமல் போய், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அறுபது பேர் படுத்திருக்கும் முதல் மூன்று இரவுகளில், தினமும் குடித்து வந்தவருக்கு உடம்பு எதிர்த்து எழும். கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும்: இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், இறந்தவரோடு பேசுவார், இடம் தெரியாமல் மழையில் வெளியே ஓடுவார். இந்தக் கட்டம் உயிரைக் குடிக்கக்கூடியது. சரிவில் ஆளைப் பறிகொடுத்த குடும்பத்தின் நடுவே ஒருவர் இறந்தவரோடு பேசினால் "பேய் பிடிச்சிருக்கு" என்ற பேச்சு வந்துவிடும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் வேப்பிலையில் போய்விடும்.

இந்த மலையில் இன்னொரு குழப்பமும் சேரும். நடுக்கத்தைப் பார்த்தால் எல்லாரும் குளிர் என்றே நினைப்பார்கள். பிரித்துப் பார்ப்பது எளிது. கம்பளி போர்த்தி, சூடாகக் கட்டஞ்சாயா கொடுத்து அரை மணி நேரம் கழித்து இரு கைகளையும் நீட்டி விரல்களை அகட்டச் சொல்லுங்கள். குளிர் நடுக்கம் அதற்குள் குறைந்திருக்கும். குடியை நிறுத்திய நடுக்கம் அப்படியே இருக்கும், நெற்றியும் உள்ளங்கையும் வியர்த்திருக்கும், நாடி நூறைத் தாண்டி ஓடும். குளிரில் வியர்க்கிறவரைக் கண்டால் உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும் என்ற ஒரே விதியைத் தன்னார்வலர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆகவே முகாமில் பெயர் எழுதும்போதே, குடும்பத்தார் காதில் விழாமல், மூன்று கேள்வி கேட்க வேண்டும். கடைசியாக எப்போது குடித்தீர்கள்? தினமும் எவ்வளவு? முன்பு நிறுத்தியபோது வலிப்போ புத்தி தடுமாற்றமோ வந்ததா? "குடிப்பீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், கேட்பவர் காக்கி உடையில் இருந்தால் கட்டாயம் அப்படித்தான். அளவையும் பாட்டில் கணக்கிலேயே கேளுங்கள். 42.8 சதவீதச் சரக்கு ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, ஏறக்குறைய 60 கிராம் சுத்தச் சாராயம் (ஆல்கஹால்). தினம் ஒரு குவார்ட்டரும் அதற்கு மேலும் என்பவர், மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்பவர் ஆகியோரின் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டு, 96 மணி நேரம் கண் வைத்திருக்க வேண்டும்.

மருந்து மருத்துவர் கையில் உள்ள விஷயம். ஆனால் அது முகாமுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டியது நிர்வாகத்தின் கையில். தயாமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி முதலில் வேண்டும். குடிநோயாளி சோர்ந்து கிடக்கிறார் என்று குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் மாட்டினால், உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பி1-உம் செலவாகி மூளை பாதிக்கப்படலாம்; பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு தவறும். எனவே பி1 முன்னே, குளுக்கோஸ் பின்னே. ரத்தச் சர்க்கரை ஆபத்தாகக் குறைந்திருந்தால் மட்டும் இரண்டையும் ஒன்றாகவே கொடுப்பார்கள், காத்திருக்க மாட்டார்கள். அடுத்து, குடியை நிறுத்திய நடுக்கத்தை அடக்கக் குளோர்டையசெபாக்சைடு மாத்திரை. ஈரல் கெட்டவர்களுக்கு லோராசெபாம். வலிப்புக்கு ஊசி வேண்டும். லோராசெபாம் ஊசியைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும், மழையில் நாள்கணக்கில் மின்சாரம் போகும் ஊரில் அதை நம்பி இருக்க முடியாது. டயசெபாம் ஊசி வெளியில் தாங்கும். ஆனால் அதைத் தசையில் போட்டால் சீராகச் சேராது. ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும், மூச்சைக் கவனிக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுப்பதை விட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். பாதை அடைபட்டால் 108உம் வராது. ஆகவே மருந்து இருப்பை எங்கெங்கே பிரித்து வைப்பது என்று முன்பே பார்க்க வேண்டும்: ஒவ்வொரு மலைப்பாதையும் எந்த இடத்தில் அறுபடுமோ அதற்கு மேலும் கீழும் தனித்தனியாக இந்த மருந்துகள் இருக்க வேண்டும். உதகையில் மருத்துவக் கல்லூரி இருப்பது, சாலை அறுந்த அன்று மஞ்சூர்க்காரருக்கு உதவாது.

"அப்படியானால் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் மதுக்கடையை மூடிவிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். முன்னேற்பாடு இல்லாமல் மூடுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. இப்படிச் சொல்வதற்காக எங்கள் மேல் கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள், பரவாயில்லை. 2020 மார்ச்சில் கடைகள் ஒரே மாலையில் மூடப்பட்டபோது, தமிழ்நாட்டில் கண்டதைக் குடித்துச் செத்தவர்கள் உண்டு. மேலே சொன்ன மருந்து முகாமுக்கு வந்த பிறகு கடையை மூடுங்கள், மகிழ்ச்சி. அதற்கு முன் மூடினால், நடுங்கும் கையோடு ஒரு மனிதர் இருட்டில் சரிவுப் பாதையில் சாராயம் தேடி இறங்குவார். கூடலூர்ப் பக்கம் அதே பாதையில் யானையும் இறங்கும்.

முகாமில் மாற்ற வேண்டிய இன்னொன்று வாக்குமூலம். காலையில் கிராம நிர்வாக அலுவலர், பிறகு வருவாய் ஆய்வாளர், அப்புறம் காவல்துறை, மாலையில் தொலைக்காட்சி. ஒரே ஆள் ஒரே நாளில் நாலு முறை தன் பிள்ளையை மண்ணிலிருந்து எடுத்த கதையைச் சொல்கிறார். மேலே சொன்ன ஆய்வகச் சோதனையை இங்கே நாமே நடத்துகிறோம். மாலையில் அவருக்கு எதன்மேல் ஏக்கம் வரும் என்று கேட்கவே வேண்டாம். ஒருமுறை, ஒருவர், உட்காரவைத்து எழுதி, அதன் படியை மற்ற அலுவலகங்கள் வாங்கிக்கொள்ள ஓர் ஆணை போதும். மனநல ஆலோசனை என்ற பெயரிலும் முதல் நாளே "நடந்ததைச் சொல்லுங்க, மனசு லேசாகும்" என்று கிளறக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் அந்த மாதிரி ஒற்றை அமர்வை வேண்டாம் என்கிறது. சோறு, போர்வை, உறவுக்காரர் இருக்கும் இடம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்ற உறுதி, இவைதான் முதல் நாள் மருந்து.

ஏக்கம் எழுந்தவரிடம் தன்னார்வலர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரும்பாலும் ஏக்கம் அலை மாதிரி ஏறி, 20 முதல் 30 நிமிடத்தில் இறங்கும். அந்த நேரத்தைக் கடத்த வேண்டும். முகத்தில் குளிர்ந்த நீர், கையில் சூடான டம்ளர், காலைத் தரையில் அழுத்தி ஊன்றி, இன்று என்ன கிழமை, எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று வாய்விட்டுச் சொல்லவைப்பது. கைக்குட்டையில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு முகரக் கொடுக்கலாம். காரமான வாடை ஆளை அன்றைய இரவிலிருந்து இன்றைக்கு இழுத்து வரும். தைலம் காய்ச்சுமிடத்தில்தான் அவருக்கு விபத்து என்றால் மட்டும் வேண்டாம், எனவே முதலில் கேளுங்கள். குடிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள், தைலம் உள்ளே போனால் விஷம்.

இரவுத் தூக்கத்தின் கணக்கும் எல்லாப் பணியாளருக்கும் தெரிய வேண்டும். ஈரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் சாராயத்தைத்தான் எரிக்கும். இரவு 9 மணிக்குப் போட்ட குவார்ட்டர் விடியற்காலை 3 மணி முதல் 5, 6 மணிக்குள் தீர்கிறது. முதல் பாதி இரவில் அமுக்கிவைத்த கனவுகள் அப்போது மொத்தமாகத் திரும்பி வரும். வியர்த்து, கத்திக்கொண்டு எழுவார். குடித்தும் தூக்கம் இல்லை என்று அடுத்த நாள் அளவைக் கூட்டுவார். "பகலெல்லாம் நல்லா இருக்கார், மூணு மணிக்குத்தான் எழுந்து உட்கார்ந்துடறார்" என்று வீட்டார் சொன்னால், அது குடிநோய்க் கேள்வி மட்டுமன்று, அதிர்ச்சியைப் பற்றிய கேள்வியும்கூட.

இங்கேதான் சிகிச்சை முறையில் ஒரு பழைய பிடிவாதம் குறுக்கே நிற்கிறது. "முதலில் ஆறு மாதம் குடிக்காமல் இரு, பிறகு மனசைப் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்புவது. எதை மறக்கக் குடிக்கிறாரோ அதைத் தொடாமல் குடியை மட்டும் நிறுத்தச் சொன்னால், முதல் மழையில் அவர் திரும்பிவிடுவார். இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் சிகிச்சை இருக்கிறது. அவற்றில் ஒன்று 90 நிமிட அமர்வுகளாக 12. அதிர்ச்சியைப் பேசினால் குடி கூடிவிடும் என்ற பயத்தை, முறையாக நடத்தும் அமர்வுகள் மெய்ப்பிக்கவில்லை. தொடங்குவதற்குக் கேள்வித்தாளும் நீளம் இல்லை. குடிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' 10 கேள்வி: மதிப்பெண் 8 அல்லது அதற்கு மேல் என்றால் கவனம், 20 அல்லது அதற்கு மேல் என்றால் சிறப்பு மருத்துவர். அதிர்ச்சிக்கு 5 கேள்வி: கடந்த ஒரு மாதத்தில் அது கனவாகவோ நினைவாகவோ வந்து தொல்லை செய்ததா, நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்த்தீர்களா, சதா உஷாராகத் திடுக்கிட்டபடி இருந்தீர்களா, மனிதர்களிடமிருந்து விலகி மரத்துப் போனீர்களா, குற்ற உணர்ச்சியோ பழியோ விடாமல் அரித்ததா. மூன்றுக்கோ அதற்கு மேலோ ஆமாம் என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடலாம். மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம் பார்க்க ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். பயிற்சி கொடுத்தால் இதையும் கேட்பார்கள். பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளில் அவரவர் மொழி பேசும் பணியாளர் கேட்க வேண்டும், தமிழில் கேட்டு வாங்கிய "இல்லை"யை நம்பக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பயத்துக்கு அல்பிரசோலம் மாத்திரையை மாதக்கணக்கில் எழுதிக் கொடுப்பது இரண்டாவது அடிமைத்தனம். சரக்கோடு சேர்ந்தால் மூச்சு நிற்கவும்கூடும். "சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று விற்கப்படும் பொடிகளில், மதுவை உடம்புக்கு ஒவ்வாததாக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால், அது தெரியாமல் அவர் குடிக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து, நெஞ்சு வலித்து, இறக்கவும்கூடும். அந்த மருந்து, அவர் அறிந்து, கையெழுத்துப் போட்டு, மருத்துவர் பார்வையில் எடுக்க வேண்டியது.

கடைசியாக ஒரு சின்னக் கோரிக்கை, மற்ற மாவட்டங்களுக்கு முன்பே நமக்கு வந்த ஒன்றைப் பற்றி. 2022 மே முதல் நீலகிரியில் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். காட்டுக்கும் யானைக் காலுக்கும் அது நல்ல திட்டம், நிறுத்தக் கூடாது. ஆனால் திருப்பிக் கொடுக்கும் இடம் மதுக்கடையே. குடியை விட்டவர், கூலி இல்லாத மழை நாளில் தேயிலைக் காட்டோரம் பத்துப் பாட்டில் பொறுக்கி எடுத்துப் போகிறார். வாடை, வரிசை, தெரிந்த முகம், கையில் நூறு ரூபாய், எல்லாம் ஒரே வாசலில். மழை ஏற்கெனவே ஒரு மணி அடித்திருக்கிறது, கடை வாசல் இரண்டாவதை அடிக்கிறது. பாட்டில் வாங்கும் இடத்தை ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களிடமோ, கடையிலிருந்து தள்ளி ஒரு கூண்டிலோ வைக்கலாம். இந்த வடகிழக்கு மழைக்கு முன் குன்னூரிலும் பந்தலூரிலும் ஒவ்வோர் இடத்தில் சோதித்துப் பார்க்கும்படி கேட்கிறோம்.

அக்டோபர் 15க்குள் முகாம் பொறுப்பாளர்கள் கூட்டம் நடக்குமானால், கை நீட்டிப் பார்க்கும் சோதனையையும் மூன்று கேள்விகளையும் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு 40 நிமிடம் போதும். முகாம் சுவரில் எழுத வேண்டிய எண்கள்: மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் 14416, போதை மீட்புக்கு 14446, மருத்துவ ஆலோசனைக்கு 104. கைப்பேசிக் கோபுரம் விழுந்தால் மூன்றும் உதவாது என்பதால், பக்கத்துச் செவிலியரின் வீடு எது என்பதையும் அதன் கீழே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர், கோத்தகிரி, கூடலூர், குந்தா வட்டங்களில் பணிபுரியும் மனநலச் செவிலியர்கள், குடிநோய் ஆலோசகர்கள், களப்பணியாளர்கள்

நகல்: மாவட்ட வருவாய் அலுவலர், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், மாவட்ட மனநலத் திட்ட அலுவலர், டாஸ்மாக் மாவட்ட மேலாளர்